திரவம் நடுவில் இல்லை: திடப்பொருள், திரவம், வாயு மூன்றிலும் துகள்கள் செய்வது என்ன?

பாடப்புத்தகத்தில் பார்த்த அந்த மூன்று பெட்டிப் படம் பலருக்கும் நினைவிருக்கும். முதல் பெட்டியில் குட்டிக் குட்டி வட்டங்கள் வரிசையாக ஒட்டி அடுக்கியிருக்கும், அது திடப்பொருள். இரண்டாவதில் அதே வட்டங்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும், அது திரவம். மூன்றாவதில் நாலைந்து வட்டங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும், அது வாயு. நெருக்கம், கொஞ்சம் விலகல், நிறைய விலகல் என்று மூன்றும் ஒரே ஏணியின் படிகள் போலத் தெரியும். முதல் பெட்டியும் மூன்றாவது பெட்டியும் ஓரளவு சரி. நடுப்பெட்டிதான் தப்பு. அந்தத் தப்பு மனதில் பதிந்துவிட்டால் உருகுவது, கொதிப்பது, ஆவியாவது எதுவுமே முழுசாகப் பிடிபடாது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், 10 மில்லி அளவு போதும். உள்ளே காற்றை இழுத்து, முனையை விரலால் இறுக மூடி, பின்தண்டை அழுத்துங்கள். பாதி வரை உள்ளே போகும், கையை எடுத்தால் திரும்பி வரும். இப்போது காற்றை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை நிரப்பி அதே மாதிரி அழுத்துங்கள். தண்டு அசையவே அசையாது. இரண்டு கையாலும் அழுத்தினாலும் கல்லை அழுத்துவது போலத்தான் இருக்கும். நடுப்பெட்டிப் படம் சொல்வது போலத் தண்ணீருக்குள் அவ்வளவு காலி இடம் இருந்தால், தண்டு கொஞ்சமாவது உள்ளே போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. கடலில் 4 கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் தண்ணீர் முழுவதும் அழுத்தும்போது கூட நீரின் கன அளவு ஏறக்குறைய 2 சதவீதம்தான் குறைகிறது.

அதாவது திரவத்தில் துகள்கள் கிட்டத்தட்டத் திடப்பொருளில் இருக்கும் அளவுக்கே நெருக்கமாக இருக்கின்றன. அலுமினியம் உருகும்போது அதன் கன அளவு 6, 7 சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் 1 மில்லி தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் முழுவதும் நீராவியானால் ஏறத்தாழ 1,700 மில்லி இடத்தை அடைத்துக்கொள்கிறது. திடமும் திரவமும் ஒரே தெருவில் இருக்கும் அடுத்தடுத்த வீடுகள் என்றால், வாயு அடுத்த ஊர்.

சரி, துகள் என்று எதைச் சொல்கிறோம்? இரும்பில் அது இரும்பு அணு. தண்ணீரில் அது இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு. உப்பில் அது மின்னூட்டம் உள்ள அயனி. எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கு போட்டால் உணரலாம்: ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளை உலகில் வாழும் 800 கோடிப் பேருக்கும் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்குச் சுமார் 20,000 கோடி மூலக்கூறுகள் கிடைக்கும். ஒரே ஒரு சொட்டில்.

இந்தத் துகள்களிடம் இரண்டு குணங்கள் உண்டு, ஓட்டமும் பிடிப்பும். ஓட்டம் என்றால் அவை ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பது. வெப்பநிலை ஏற ஏற அந்த அசைவின் ஆற்றல் கூடும். உண்மையில் வெப்பநிலைமானி காட்டும் எண்ணே துகள்களின் சராசரி இயக்க ஆற்றலின் அளவுதான். பிடிப்பு என்றால் பக்கத்தில் இருக்கும் துகளை இழுத்துப் பிடிக்கும் விசை. இது பூமி நம்மை இழுக்கும் விசை கிடையாது. துகளுக்குள் இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்களிலிருந்து வருவது, மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும், துகளின் அகலத்தைப் போலச் சில மடங்கு விலகினாலே தேய்ந்துபோய்விடும். ரொம்பவும் நெருக்கினால் அதே துகள்கள் ஒன்றையொன்று பலமாகத் தள்ளவும் செய்யும், சிரிஞ்சில் தண்ணீர் காட்டிய பிடிவாதம் அதுதான். ஒரு பொருள் திடமா, திரவமா, வாயுவா என்பது ஓட்டத்துக்கும் பிடிப்புக்கும் நடக்கும் இழுபறியில் முடிவாகிறது. வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இதனால்தான் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில், மேசை திடமாகவும் தண்ணீர் திரவமாகவும் காற்று வாயுவாகவும் இருக்க முடிகிறது. ஓட்டம் மூன்றுக்கும் ஒரே கணக்குதான், பிடிப்புதான் வேறு வேறு. நைட்ரஜன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடிப்பது மிகவும் பலவீனம், மைனஸ் 196 டிகிரி வரை குளிர்வித்தால்தான் அது திரவமாகும். இரும்பு அணுக்களின் பிடி பலமானது, 1,538 டிகிரி வரை போனால்தான் உருகும். டங்ஸ்டனுக்கு 3,422 டிகிரி வேண்டும். ஹீலியத்தின் பிடிப்போ இருப்பதிலேயே பலவீனம். சாதாரண அழுத்தத்தில் எவ்வளவுதான் குளிர்வித்தாலும் அது திடமாவதே இல்லை.

திடப்பொருளை முதலில் பார்த்துவிடலாம். இங்கே பிடிப்புதான் ஜெயிக்கிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு நிலையான இடம் உண்டு, சுற்றி எப்போதும் அதே அக்கம்பக்கத்தார்தான். ஆனால் சும்மா நிற்கிறதா என்றால் இல்லை, நின்ற இடத்திலேயே விநாடிக்கு லட்சம் கோடி முறைக்கும் மேல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கை வைத்திருக்கும் மேசை அந்த அளவில் பார்த்தால் ஒரு கணம் கூட ஓய்வதில்லை. திடப்பொருளில் துகள்கள் அசையாது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அசையாது என்பதும் இடம் மாறாது என்பதும் ஒன்றல்ல.

சூடாக்கினால் அதிர்வு பெரிதாகும், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூடுதல் இடம் தேவைப்படும், அதனால் மொத்தப் பொருளும் விரியும். 1 கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளத்தைத் தடையில்லாமல் விரியவிட்டால் 30 டிகிரி சூடு ஏறும்போது அது ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், அணு ஊதிப் பெரிதாவதில்லை. அணு அதே அளவில்தான் இருக்கிறது, அணுக்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் கூடுகிறது. அதே மாதிரி, பொருள் உருகும்போது அணு உருகுவதில்லை. ஒரே ஒரு நீர் மூலக்கூறை எடுத்து வைத்துக்கொண்டு இது பனியா தண்ணீரா ஆவியா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை, ஈரம் என்பதோ கடினம் என்பதோ தனி மூலக்கூறுக்குக் கிடையாது. நிலை என்பது கூட்டத்தின் குணம்.

மணலைக் கொட்டினால் தண்ணீர் மாதிரி ஓடுகிறதே, அது திரவமா என்ற கேள்வியும் வரும். ஒவ்வொரு மணலும் தனித்தனித் திடப்பொருள், ஒரு மணலுக்குள்ளேயே கோடானுகோடி அணுக்கள் இடம் மாறாமல் பூட்டிக் கிடக்கின்றன. கண்ணாடியில் அணுக்கள் வரிசையாக இல்லை, திரவத்தில் இருப்பது போலக் கலைந்துதான் கிடக்கின்றன, ஆனால் இடம் மாறுவதில்லை, அதனால் அதுவும் திடப்பொருள்தான். பழைய கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடி காலப்போக்கில் மெல்ல வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டது என்று சொல்வதை நம்ப வேண்டாம். அந்தக் காலத்துத் தயாரிப்பு முறையிலேயே கண்ணாடி சீரில்லாமல்தான் வந்தது.

இன்னும் சூடாக்கிக்கொண்டே போனால் அதிர்வின் வீச்சு, பக்கத்துத் துகளுக்கு உள்ள தூரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தொடும் அளவில் வரிசை கலைய ஆரம்பிக்கிறது. அதுதான் உருகுதல். இந்தக் கட்டத்தில் ஒரு விசித்திரம் நடக்கும்: கீழே நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் வெப்பநிலை ஏறாது. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்திருக்கும் பாத்திரத்தில் வெப்பநிலைமானியைப் போட்டு மெதுவாகக் கலக்கியபடி சூடாக்கினால், கடைசித் துண்டு கரையும் வரை அது 0 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். கொடுத்த வெப்பம் எங்கே போனது? துகளை வேகப்படுத்தப் போகவில்லை, பிடியைத் தளர்த்தப் போனது. 1 கிராம் பனியை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே 334 ஜூலைத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தால் 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரிக்குப் போயிருக்கும்! உள்ளுறை வெப்பம் என்ற பெயர் இதற்குத்தான், உள்ளே உறைந்திருக்கும், வெப்பநிலைமானிக்குத் தெரியாது.

தண்ணீர் ஒரு விதிவிலக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்கும், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. நீர் மூலக்கூறுகள் பனியில் அறுகோண வடிவில், நடுவே வெற்றிடம் விட்டுக் கைகோத்து நிற்கின்றன. உருகும்போது அந்த அமைப்பு குலைந்து சில மூலக்கூறுகள் வெற்றிடத்துக்குள் சரிந்துவிடுகின்றன. ஆகவே தண்ணீரைப் பொறுத்தவரை திரவம்தான் திடத்தை விட நெருக்கமானது. பனி மிதப்பதும் நிறைத்து மூடிய கண்ணாடிப் புட்டி உறைபெட்டியில் வெடிப்பதும் இதனால்தான்.

இனி திரவம். நெருக்கம் குறையவில்லை என்றால் பின்னே என்னதான் மாறியது? அக்கம்பக்கத்தார் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், மாறியது அதுதான். ஒரு மூலக்கூறு தன்னைச் சுற்றியிருப்பவற்றின் நெருக்கத்தில் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும், ஒரு சந்து கிடைத்ததும் நழுவி அடுத்த இடத்துக்குப் போகும், அங்கே புதுக் கூட்டம், மறுபடி அதிர்வு, மறுபடி நழுவல். தண்ணீரில் இதெல்லாம் விநாடியில் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிகிறது. பிடி விடவில்லை, அதனால் திரவம் தன் கன அளவை விட்டுக்கொடுக்காது. இடம் நிரந்தரமில்லை, அதனால் வடிவத்தை விட்டுக்கொடுக்கும், ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். திரவத்துக்கு வடிவம் இல்லை, கன அளவு உண்டு என்று மனப்பாடம் செய்யும் வரி இந்த இரண்டிலிருந்தும் தானாக வந்துவிடுகிறது.

இந்த நழுவலைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் நல்ல சுடுதண்ணீர், இரண்டையும் ஆட்டாமல் அசைக்காமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு சொட்டு மையை மெதுவாக விடுங்கள். குளிர்ந்ததில் மை நூல் நூலாக இறங்கி அடியில் போய்க் கொஞ்ச நேரம் தங்கும், சுடுதண்ணீரில் வேகமாகப் பரவி டம்ளர் முழுக்க நிறமாகிவிடும். நேர்மையாகச் சொன்னால் சுடுதண்ணீரில் நீரோட்டமும் ஓரளவு உதவுகிறது, ஆனால் குளிர்ந்த டம்ளரைப் பல நாள் தொடாமல் விட்டாலும் கடைசியில் நிறம் எங்கும் பரவத்தான் செய்யும். யாரும் கலக்கவில்லை. துகள்கள் தாமே நழுவி நழுவிக் கலந்தன, விரவுதல் என்பது இதுதான்.

1827ஆம் ஆண்டில் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துணுக்குகள் தண்ணீரில் இடைவிடாமல் துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். உயிர் இருப்பதால் துள்ளுகிறதோ என்று சந்தேகம், அதனால் கண்ணாடித் தூள், பாறைத் தூள் என்று உயிரே இல்லாதவற்றையும் போட்டுப் பார்த்தார், அவையும் துள்ளின. காரணம் தெரிய 78 வருடம் ஆனது. 1905இல் ஐன்ஸ்டைன், கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால்தான் துணுக்கு ஆடுகிறது என்று கணக்கோடு காட்டினார், ஜான் பெரன் அதைச் சோதனையில் அளந்து உறுதி செய்தார், 1926இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அதற்கு முன்பு வரை அணு என்பது வெறும் கற்பனை வசதி என்று சொன்ன பெரிய அறிஞர்களே இருந்தார்கள். வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் அவர்களில் ஒருவர், சோதனை முடிவுகளுக்குப் பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆடிய தூசியை வைத்து மனிதர்கள் அணுவை நம்ப ஆரம்பித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம்.

வாயுவில் கதையே வேறு. இங்கே ஓட்டம் முழுசாக ஜெயித்துவிட்டது. 1,700 மடங்கு கன அளவு என்றால், நீளவாக்கில் பார்க்கும்போது மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய 12 மடங்கு. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நிறைய பேர் காற்று என்று பதில் சொல்வார்கள். காற்றே மூலக்கூறுகளால் ஆனதுதானே, அதன் நடுவில் மறுபடி எப்படிக் காற்று இருக்கும்? அங்கே எதுவும் இல்லை. காலி.

அந்தக் காலி இடத்தில் மூலக்கூறுகள் பறக்கின்றன. நீங்கள் இப்போது மூச்சில் இழுத்த நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக விநாடிக்கு 470 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தன, மணிக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர், ஒலியை விட வேகம். அப்படியானால் அறையின் ஒரு மூலையில் சென்ட் பாட்டிலைத் திறந்தால் மறு மூலைக்கு வாசனை கண்ணிமைக்கும் முன்னே வந்துவிட வேண்டுமே? வருவதில்லை, ஏனென்றால் ஒரு மூலக்கூறு நேராகப் போகும் தூரம் சராசரியாக 70 நானோமீட்டர்தான், முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் இன்னொன்றின் மேல் மோதித் திசை மாறிவிடும். விநாடிக்குச் சுமார் 700 கோடி மோதல்கள். இவ்வளவு வேகமாக ஓடியும் எங்கேயும் போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி அலைகிறது, அதனால்தான் வாசனை மெதுவாக வருகிறது. அதிலும் பெரும்பகுதியை நம் மூக்கு வரை சுமந்து வருவது அறைக்குள் இருக்கும் காற்றோட்டம்தான்.

அழுத்தம் என்பதும் இந்த மோதல்தான், சுவர் மீதான மோதல். பலூனின் உட்பக்கத்தை மூலக்கூறுகள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு அடியும் ஒன்றுமில்லாத அளவு சின்னது, ஆனால் எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்பதால் நமக்கு ஒரே சீரான தள்ளலாகத் தெரிகிறது. சிரிஞ்சில் காற்றை அழுத்தியபோது விரலில் உணர்ந்ததும் அதைத்தான்: இடம் பாதியானது, அதே மூலக்கூறுகள் அதே சுவரை இரு மடங்கு அடிக்கடி அடித்தன.

திரவத்திலிருந்து வாயுவுக்குப் போவது உருகுவது போலச் சின்ன வேலை இல்லை, பிடியை முழுசாக அறுக்க வேண்டும். 1 கிராம் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2,257 ஜூல் தேவை; உருக்கத் தேவைப்பட்ட 334உடன் ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஏழு மடங்கு. திடமும் திரவமும் அண்டை வீடு, வாயு அடுத்த ஊர் என்று சொன்னது தூரத்துக்கு மட்டுமில்லை, செலவுக்கும் பொருந்தும். நீராவி கையில் பட்டால் கொதிநீரை விட மோசமாகச் சுடுவதற்கும் இதுவே காரணம். 100 டிகிரியில் இருக்கும் நீராவியிலும் கொதிநீரிலும் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றுதான், ஆனால் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த 2,257 ஜூலையும் தோலிலேயே இறக்கிவைக்கிறது.

கொதிக்கும் தண்ணீரில் வரும் பெரிய குமிழிக்குள் இருப்பது காற்று இல்லை, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வந்ததும் இல்லை, நீராவிதான். கெட்டிலின் மூக்குக்கு மேலே வெள்ளையாகப் புகை போல எழுகிறதே, அதை ஆவி என்கிறோம், ஆனால் அது வாயு கிடையாது, ஏற்கெனவே குளிர்ந்து திரவமாகிவிட்ட குட்டித் துளிகள். தள்ளி நின்று உற்றுப் பாருங்கள், மூக்கின் வாய்க்கும் வெள்ளை ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி ஒன்று ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது, அதற்கு நிறமில்லை.

ஆனால் ஈரத்துணி கொதிக்காமலேயே காய்கிறதே? ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் போவதில்லை, சில மெதுவாக, பெரும்பாலானவை நடுத்தரமாக, சில ரொம்ப வேகமாக. மேற்பரப்பில் இருக்கும் அந்த வேகக்காரர்கள் பிடியை அறுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள், மிச்சமிருப்பவை சராசரியில் மெதுவானவை, அதாவது திரவம் குளிர்கிறது. கையில் ஸ்பிரிட் தடவியதும் சில்லென்று இருப்பது இதனால்தான். அப்புறம், சில பொருட்கள் திரவத்தைத் தொடாமலே திடத்திலிருந்து நேராக வாயுவாகும், பதங்கமாதல் என்பார்கள். உலர்பனி எனப்படும் திட கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78.5 டிகிரியிலேயே இப்படிப் போய்விடும், தரையை ஈரமாக்காது.

வெளி அழுத்தத்துக்கும் பங்கு உண்டு என்றேனே, அது என்ன என்பதை உள்ளே தெரியும்படியான ஒரு பிளாஸ்டிக் லைட்டரிலேயே பார்த்துவிடலாம். அதற்குள் தண்ணீர் போல ஆடுவது பியூட்டேன். சாதாரண அழுத்தத்தில் அது மைனஸ் அரை டிகிரிக்கு மேல் வாயுவாகிவிடும், ஆனால் லைட்டருக்குள் நெருக்கி அடைத்திருப்பதால் அறை வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கிறது. வால்வைத் திறந்ததும் வெளியே வந்து வாயுவாகிறது.

இதையே தலைகீழாகச் செய்ய அந்த சிரிஞ்சை மறுபடி எடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரைக் கால்வாசி நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றிவிட்டு, முனையை இறுக மூடிப் பின்தண்டை பலமாக வெளியே இழுங்கள். தண்ணீர் கொதிக்கும். 50 டிகிரி கூட இருக்காது, அடியில் நெருப்பு இல்லை, ஆனாலும் குமிழிகள் எழும்; முதலில் வருவதில் நீரில் கரைந்திருந்த காற்றும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், மற்றதெல்லாம் நீராவி. மேலே இருந்து அழுத்திக்கொண்டிருந்த காற்றின் பாரத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், உள்ளே இருந்த வேகமான மூலக்கூறுகளுக்கு விலகிப் போக இடம் கிடைத்தது. எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் ஏறத்தாழ 70 டிகிரியிலேயே கொதித்துவிடுவதும் இப்படித்தான். இப்போது தண்டை விடுங்கள். அது சட்டென்று உள்ளே போகும், குமிழிகள் மறையும், வெகுவாக விலகி நின்ற மூலக்கூறுகள் மறுபடி தோளோடு தோள் ஒட்டிக்கொள்ளும், ஓர் ஓரத்தில் கடுகளவு காற்றுக் குமிழி மட்டும் மிச்சமிருக்கும்.